பொங்கல் தூக்கும் காணிக்கைக் கவரும்

கேள்வி: ஐயா, நான் பொறையாறு பக்கம் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு வந்து 9 வருடமாகிறது. பக்கத்தில் எங்கள் சபை இல்லாததால் இங்குள்ள ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறோம். ஆரம்பத்தில் ரொம்ப ஆறுதலாக இருந்தது. இப்போது எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது. போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சர்க்கரைப்பொங்கலைச் சாப்பிட்டேன். அடுத்த மாதமே, மூன்றாம் மாதத்தில் இருந்த கரு கலைந்துவிட்டது. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டதால்தான் என்று பாஸ்டரம்மா சொன்னார்கள். அதனால் இந்தத் தைப்பொங்கலுக்கு அக்கா கொடுத்ததைக் கொல்லையில் வாழையடியில் கொட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. அவர்களுடைய எவர்சில்வர் தூக்கு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. தோடு, வளையல் எல்லாம் கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசம் தவறினாலோ தசமபாகம் குறைந்தாலோ சாபம் வரும் என்கிறார்கள். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் சீசனில் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறார். இரண்டு பேர் சம்பளத்திலும், அவருடைய மேல்வரும்படியிலும்கூட பத்தில் ஒன்றைச் சரியாகக் கொடுத்துவிடுகிறோம். ராத்திரி 3 மணிக்கு எழுந்து மன்னிப்பு ஜெபம் செய்கிறேன், நடுவில் ஒரு வார்த்தை தவறினால் மறுபடி முதலிலிருந்து. கிறிஸ்து விடுதலை தந்தார் என்று பாடுகிறோமே, எனக்கு மட்டும் அது ஏன் தெரியவில்லை? இந்தச் சபையை விட்டுப் போனால் பாவமா? பெயர் வேண்டாம்.

பதில்:

தங்கச்சி என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் கடைசியில் கேட்டதற்குக் கடைசியில்தான் வருவேன். அதற்கு முன்னால், கடிதத்தில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அது பொங்கலால் போகவில்லை. நான் இறையியல் படித்துவிட்டு ஆலோசனைப் பணிக்கு வந்தவன், டாக்டர் இல்லை. ஆனால் இது எந்த மகப்பேறு டாக்டரும் சொல்லும் விஷயம். கர்ப்பம் என்று உறுதியானவற்றில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள், அதிலும் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவிலேயே அமைந்துவிடும் குரோமோசோம் கோளாறு. அம்மா என்ன சாப்பிட்டாள், யார் வீட்டுத் தூக்கிலிருந்து சாப்பிட்டாள் என்பது அதில் எங்கேயும் வராது. வேதத்துக்கே வருகிறேன். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் உங்கள் பாஸ்டரம்மா கேட்டதும் ஒரே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா? இயேசு இரண்டுமில்லை என்றார். அவர் இல்லை என்று சொன்ன இடத்தில் இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல, அதை நீங்கள் ஒன்றரை வருடமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறீர்கள். பிள்ளையை இழந்த ஒருத்தியிடம் அப்படிச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எப்படி வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அழவேண்டிய நேரத்தில் உங்களை அழவிடாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். இப்போதாவது அழுங்கள். அந்தப் பிள்ளைக்கு மனதில் ஒரு பெயர் வைத்திருந்தீர்களானால் அந்தப் பெயரைச் சொல்லியே அழலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது ராத்திரி 3 மணி. ஒரு வார்த்தை தவறினால் மறுபடி முதலிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் ஞாபகம் வந்தார். திடப்படுத்தலுக்காக ஞானோபதேசம் மனப்பாடம் செய்திருப்பீர்கள், அதை எழுதிய மனிதரும் உங்களைப் போலவே இருந்தவர்தான். 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த பிறகு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் என்று உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழமாட்டாராம். சொல்லி முடித்து எழுந்து போனவர், ஒன்று விட்டுப்போயிற்றே என்று திரும்பி வருவாராம். கேட்கிற குரு ஷ்டௌபிட்ஸே அலுத்துப்போனார். மன்னிப்பை எத்தனை முறை கேட்டாலும் கிடைத்ததாகத் தோன்றாத நிலை அது. அதை பக்தி அதிகமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். மனம் ஒரே தடத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. உங்களுக்கு இருப்பது இன்னதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் ராத்திரி ராத்திரி இது நடக்கிறது, தூக்கம் போகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசுச் சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம். விசுவாசிக்கு எதற்கு மனநல டாக்டர் என்று ஜெபவீட்டில் யாராவது கேட்டால், விசுவாசிக்கு எதற்குக் கண்ணாடி என்று திருப்பிக் கேளுங்கள். (பாஸ்டர் கண்ணாடி போடுபவராக இருந்தால் இன்னும் நல்லது.)

சரி, இப்போது விடுதலைக்கு வருவோம்.

என் தாத்தா நன்னிலம் பக்கத்தில் ஒரு பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். தண்டனையாகச் சாணிப்பால் குடிக்கவைப்பதும் சவுக்கடியும் அவர் தலைமுறைக்குத் தெரிந்த விஷயம். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். அதற்குப் பிறகு தாத்தா தனியாகக் கொஞ்சம் சாகுபடி செய்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார், ஓட்டுப் போட்டார். ஆனால் நான் சின்னப் பையனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த காலத்திலும், அந்தப் பண்ணை வீட்டுத் திண்ணை வந்தால் போதும், தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் திண்ணையில் ஆளே இருக்காது. பண்ணையார் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. வீடு பூட்டிக் கிடக்கும். தாண்டிப் போனதும் துண்டு மறுபடி தோளுக்கு ஏறும். "ஏன் தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார். தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியவில்லை.

கலாத்தியருக்குப் பவுல் எழுதுகிறபோது மறுபடியும் அடிமை நுகத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்கிறார். அந்த 'மறுபடியும்' என்ற வார்த்தைக்கு என் தாத்தாவின் துண்டைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. விடுதலை உங்களுக்கு வராமல் இல்லை. பூட்டிக்கிடக்கிற திண்ணைக்கு நீங்கள் இன்னும் துண்டை இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தாத்தாவிடமாவது அதைச் செய்யச் சொல்லி யாரும் நிற்கவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் நின்று "இறக்கு, இறக்கு" என்று சொல்ல ஆள் இருக்கிறது.

பொங்கல் விஷயத்தில் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது வசனத்தோடு வந்தால் நீங்கள் தடுமாறக்கூடாது. படைத்ததைத் தொடாதே என்று சொல்பவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது; அப்போஸ்தலர் 15-இல் எருசலேமிலிருந்து போன கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் கொரிந்துவில் இதே பிரச்சினை வந்தபோது பவுல் எப்படிப் பேசுகிறார் பாருங்கள். விக்கிரகம் என்பது ஒன்றுமே இல்லை, உணவு நம்மைத் தேவனிடம் நெருக்கவும் நெருக்காது, விலக்கவும் விலக்காது என்கிறார். ஒருவர் சாப்பிட அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, எதையும் துருவித்துருவிக் கேட்காதே என்கிறார். அதே சமயம், இது படைத்தது என்று ஒருவன் சொல்லி, அவன் மனசாட்சி இடறும் என்றால் அவனுக்காக விட்டுவிடு என்றும் சொல்கிறார். இதில் எங்காவது, சாப்பிட்டால் உன் வயிற்றுப் பிள்ளை போய்விடும் என்று இருக்கிறதா? அவர் யோசிப்பதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி. ஆகவே உங்கள் மனது இன்னும் ஒப்பவில்லையானால் சாப்பிட வேண்டாம், ரோமர் 14 அந்த உரிமையையும் தருகிறது. அந்தப் பழக்கத்திலிருந்து புதிதாக வெளியே வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்காகத் தவிர்ப்பதிலும் தப்பில்லை. ஆனால் கொட்டியது வேறு. தை முதல் நாள், விடியற்காலையில் எழுந்து, புது அரிசியும் புது வெல்லமும் போட்டு, பொங்கி வழிகிறவரை அடுப்படியில் நின்று, தன் வீட்டுக்காரர் சாப்பிடும் முன்னே ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாரே அந்த அக்கா, அவர் உங்களை எந்தத் தெய்வத்துக்கும் மாற்ற வரவில்லை. நம் சபைகளிலும் அறுப்பின் பண்டிகை என்று பூசணிக்காயும் தேங்காய்க் குலையும் கொண்டுவந்து வைத்து, ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஊரே சிரிக்கிற விலைக்கு ஏலம் எடுக்கிறோம். விளைந்ததற்கு நன்றி சொல்ல நமக்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறது, அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

நகை பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பேதுரு எழுதியதைத்தானே காட்டுகிறார்கள்? பொன் நகை சொல்லப்பட்ட அதே வசனத்தில் தலைமயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜெபவீட்டில் பின்னல் போடாத பெண் எத்தனை பேர், திருபுவனம் பட்டு கட்டுபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தோடு போட்டால் போடுங்கள், போடாவிட்டால் விடுங்கள். உங்கள் காது.

நான் நிற்க விரும்புவது வேறு இடத்தில். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வார்த்தை: மேல்வரும்படி.

நானும் டெல்டாக்காரன்தான், நீங்கள் விளக்கத் தேவையில்லை. அறுத்த நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி பக்கத்திலேயே படுத்து, மழை வருமா என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிவிடுவார்களே என்று காலையில் மறுபடி கிளறிக் காயவைத்து, கடைசியில் தன் முறை வரும்போது 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கிற அந்த விவசாயி, வட்டிக்கு வாங்கி நட்டவராக இருப்பார். கணவனை இழந்து, குத்தகை நிலத்தில் தானே நாற்றுப் பறித்த பெண்ணாகவும் இருக்கலாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு உங்கள் காணிக்கைக் கவருக்குள் போயிருக்கிறது. வளையலைக் கண்டுபிடித்த கண்கள், பொங்கலைச் சாபமாக்கிய வாய், இந்த 9 வருடத்தில் ஒருநாளாவது அந்தக் கவரைத் திறந்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதா? கேட்கவில்லை. இந்த ஒன்றுதான் உங்கள் சபையைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

உங்கள் பாட்டி வழியில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார், எல்லாருக்கும் தெரியும். அவரை அங்கிருந்த டேனிஷ் தளபதி நான்கு மாதம் சிறையில் போட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றதும் அதற்கு ஒரு காரணம். விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது என்றால், பொறையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த இந்தக் கதைதான் எனக்கு முதலில் தோன்றும்.

உடனே பயந்துவிடாதீர்கள், இன்னொரு சாபப் பட்டியல் தருவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பருவகால வேலையில் கீழ்ப்படியில் இருப்பவர். கை மேலே வரைக்கும் நீளும், அவர் ஒருவர் நிறுத்தினால் மொத்தமும் நின்றுவிடாது, அவர் வேலைக்கே ஆபத்து வரலாம், எல்லாம் எனக்குத் தெரிகிறது. யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது அவர் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்றார், அவ்வளவுதான். அதனால் முதல் வேலையாக, அந்தப் பணத்தைக் கவரில் போடுவதை நிறுத்துங்கள். தசமபாகம் போட்டுவிட்டால் மிச்ச ஒன்பது பங்கும் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்கிறது பாருங்கள், அதுதான் உடையவேண்டும். ராத்திரி 3 மணிக்கு உங்களை எழுப்புவதில் இதற்கும் பங்கு இருக்குமோ என்று ஒரு சந்தேகம், எனக்குத் தெரியாது, நீங்களே யோசியுங்கள். அப்புறம் அவரோடு பேசுங்கள். சண்டையாக வேண்டாம், பாஸ்டரை நடுவில் வைத்தும் வேண்டாம். குறுவை அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த சீசனில் நம் கையில் வருவதையாவது தொடாமல் இருக்க முடியுமா, அது இல்லாமல் வீட்டுச் செலவு எங்கே இடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கணக்கு எழுதுபவர், என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அநியாயமாக வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்ன ஆயக்காரன் சகேயுவாக அவர் ஒரே நாளில் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

காணிக்கை? பவுல் கொரிந்தியருக்குச் சொன்னது போதும்: மனதில் தீர்மானித்தபடி, வருத்தமாகவும் வேண்டாம், கட்டாயமாகவும் வேண்டாம். சாபத்துக்குப் பயந்து கொடுப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. அதைத்தான் உங்கள் வீட்டுக்காரர் கையில் விவசாயிகளும் கொடுக்கிறார்கள். உபவாசமும் அப்படித்தான். மறுபடி பிள்ளைக்கு முயல்கிறீர்கள் என்றால் உபவாசத்தைப் பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள், இரத்தம் குறைவாக இருக்கிறதா, ஃபோலிக் அமில மாத்திரை எப்போதிருந்து எடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சபையை விட்டுப் போவது பாவமா? பாவமில்லை. போகத்தான் வேண்டுமா என்பதை நான் சொல்ல மாட்டேன். அங்கே உங்களுக்கு ஆறுதல் கிடைத்த காலமும் இருந்தது, உங்களுக்காக உண்மையாக ஜெபித்தவர்களும் இருப்பார்கள். ஒன்று செய்து பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தில், சின்னதாக, "இல்லை பாஸ்டர், இந்த வெள்ளி உபவாசம் இருக்கப்போவதில்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். மேய்ப்பராக இருந்தால் என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார். பண்ணையாராக இருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உங்கள் பெயர் சொல்லாமல் உங்களைப் பற்றிப் பேச்சு வரும். எது வருகிறதோ அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். உங்கள் பழைய சபைப் போதகரை, அந்த ஐயரைப் போய்ப் பாருங்கள். பொறையாறு ஒன்றும் எட்டாத தூரமில்லை, மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே போய் நற்கருணை எடுத்துவிட்டு, அம்மா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு வந்தாலும் யாரும் தடுக்க முடியாது.

கடைசியாக அந்தத் தூக்கு. இதற்கு டாக்டரும் வேண்டாம், ஐயரும் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். தை போய் ஆடி வந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு மேலாக அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வைத்திருக்கிறீர்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை, ஏதாவது போட்டுக் கொடுங்கள், கொல்லையில் அந்த வாழை இந்நேரம் குலை தள்ளியிருந்தால் அதிலேயே நாலு காய். "அக்கா, அன்றைக்கு நான் செய்தது தப்பு, பயத்தில் செய்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள், வசனமெல்லாம் சொல்லவேண்டாம். குழந்தை போன விஷயம் அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள்.